3,500 கிலோவை நம்பி வாங்காதே

பட்டர்வொர்த்

அன்பு மகனுக்கு,

எக்ஸ்கவேட்டரை நீயே இழுத்துப்போக பிக்கப் பார்க்கிறாய் என்று அம்மா சொன்னாள். ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் சில மாடல்களில் 3,500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும். அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும்தான். பிரேக் இல்லாவிட்டால் 750. விற்பவர் அந்த இரண்டாவது எண்ணைத் தானாகச் சொல்லமாட்டார்.

நீ கேட்கவேண்டியது ஜிசிஎம். வண்டி, டிரெய்லர், ஆள், சாமான் அத்தனையும் சேர்ந்த உச்ச எடை அது. ஒரு பேச்சுக்கு ஜிசிஎம் 6,000, வெறும் வண்டி 2,150 என்று வை. 3,500 கிலோவை மாட்டினால் மிச்சம் 350. நாலு பேர் ஏறி டூல்பாக்ஸையும் வைத்தால் அவ்வளவுதான்.

உன் மெஷின் 1,700, டிரெய்லர் 650, பக்கெட்டும் டீசலும் 150, ஆக 2,500. 3,500-க்கும் இதற்கும் உள்ள அந்த ஆயிரம் கிலோ வித்தியாசத்தை விட்டுவிடாதே. கெந்திங் செம்பா மலை ஏற்றத்தில் கியர்பாக்ஸ் சூடேறாமல் காப்பாற்றுவது அதுதான்.

அடுத்தது டிரெய்லர் மூக்கு, அதாவது வண்டியோடு மாட்டும் முன் முனை. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, உனக்கு 250 கிலோ, டோ பாலை (வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு) அழுத்தவேண்டும். மூக்கு லேசாக இருந்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆடினால் கால் பிரேக்கை மிதிக்காதே. ஸ்டியரிங்கை நேராகப் பிடி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, கேபினில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்து. மெஷினை ஒரு சாண் முன்னே நகர்த்திக் கட்டியிருந்தால் இந்த வேலையே இல்லை.

மூக்கு எடையை வீட்டுத் தராசிலேயே பார்க்கலாம். கெட்டியான பலகையின் ஒரு முனைக்கு அடியில் இரும்புக் குழாய், மறு முனைக்கு அடியில் தராசு. இடைவெளி 90 சென்டிமீட்டர். குழாயிலிருந்து 30 சென்டிமீட்டரில் மூக்கை இறக்கு. வெறும் பலகைக்குத் தராசு காட்டியதைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மூன்றால் பெருக்கு. கழித்தபின் 83 வந்தால் சரி.

மூக்கு அதிகமானாலும் வம்புதான். டோ பால் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. அங்கே 350 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது சுமார் 485. முன் அச்சில் சுமார் 135 கிலோ குறையும். ஸ்டியரிங் பிடிப்பு தளரும், லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஏர்பேக் ஸ்பிரிங் (பின் அச்சுக்கு மேல் வைக்கும் காற்றுப் பை) போடச் சொல்வார்கள். பின்பக்கம் நிமிரும், எடை அப்படியே இருக்கும். சுமையில் பெரும்பங்கு சேஸியில் ஒரே இடத்தில் விழ, கேபினுக்குப் பின்னால் சேஸி வளையலாம்.

ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவைத் தாண்டினால் டிரெய்லரின் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும், கழன்றால் தானே பிடிக்கும் பிரேக்அவேயும் வேண்டும். நீயும் அதையே அளவாக வை. மலையிலிருந்து கொம்பாக் பக்கம் இறங்கும்போது கீழ் கியர் போடு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பாதி வழியில் பிடிக்காது.

பழைய வண்டியென்றால் அடியில் படுத்துப் பார். டோ பாலைத் தாங்கும் டோ பாரின் போல்ட் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தாலோ, சேஸியில் புது வெல்டிங் மேல் கறுப்புப் பெயிண்ட் இருந்தாலோ, கியர் எண்ணெய் கருகி நாறினாலோ விலை பேசாதே. பம்பரில் மட்டும் டோ பால் திருகியிருந்தால் அது ஷோவுக்கு.

டிரெய்லரை வாங்குமுன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு கார்டைக் கேள். பார்த்த வண்டியின் ஜிசிஎம் எண்ணை எனக்கு அனுப்பு, முன்பணம் கொடுப்பதற்கு முன்.

அப்பா