எலும்புக்கும் அவகாசம் குடு, பிள்ளை

யாழ்ப்பாணம்

அன்பு மகளுக்கு,

ஐந்து கிலோமீற்றர் நிக்காமல் ஓடினன் எண்டு நீ ஸ்காபறோவில இருந்து சொல்லேக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே! ஆனா "முழங்காலுக்குக் கீழ உள்பக்கம் கொஞ்சம் நோகுது அப்பா" எண்டு கடைசியில மெல்லமாச் சொன்னாய். அதுக்குத்தான் இந்தக் கடிதம். போனில சொன்னா "ஓம் ஓம்" எண்டு வைச்சுப்போடுவாய்.

பள்ளிக்கூடப் பிள்ளையளை ஓடப் பழக்கின ஆள் நான். ஓடத் துவங்கி ரெண்டு மூண்டு கிழமையில இளைப்புக் குறைஞ்சிடும். நெஞ்சும் இரத்த ஓட்டமும் கெதியாப் பழகும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாசக்கணக்கு வேணும். இன்னும் ஓடலாம் எண்டு மூச்சுச் சொல்லுற அந்த நேரத்திலதான் கால் பழுதாப்போறது.

இப்ப ஓட்டத்தை நிப்பாட்டு. நோகாத அளவுக்கு நட. விரலால எலும்பு வழிய அமத்திப் பார். நீளத்துக்குப் பரவலா நொந்தா அனேகமா ஓய்வோட மாறும். ஒரே இடத்தில குத்தி நொந்தா, இல்லாட்டி இரவில சும்மா படுத்திருக்கேக்கயும் நொந்தா, டொக்டரிட்டப் போ. எலும்பில மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கக்கூடும். தள்ளிப்போடாதை, மோளே.

நோ மாறினாப் பிறகு அடியில இருந்து துவங்கு. 1996 இல ஜோஷ் கிளார்க் எண்டவர் தன்ர தாயை மனசில வைச்சு புதுசா ஓடத் துவங்கிற ஆக்களுக்கு ஒன்பது கிழமைத் திட்டம் ஒண்டு எழுதினவர். முதல் கிழமை 60 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை, மாறி மாறி 20 நிமிசம். கிழமைக்கு 3 நாள்தான். உனக்கு அது காணாதமாதிரி இருக்கும். ஆனா ஓடாத நாளிலதான் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ளுது. ஒரு கிழமை கஷ்டமாப் போச்செண்டா அடுத்த கிழமையும் அதையே செய், அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

ஓடிக்கொண்டே ஒரு வசனம் முழுசாக் கதைக்க ஏலாட்டி வேகம் கூடிப்போச்சு. தூரத்தையும் வேகத்தையும் ஒரே கிழமையில கூட்டாதை. கிழமைக்குப் பத்து வீதம் கூட்டலாம் எண்டு சொல்லுவினம். நான் உன்ர காலைத்தான் கேட்பன்: அடுத்தநாள் காலமை படி இறங்கேக்க நோகாட்டிக் கூட்டு.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க கடலுக்கு நடுவால போற பண்ணைப் பாதையில ரெண்டுபேருமா ஓடுவம். வெயில் ஏற முதல் வெளிக்கிடோணும். மண்டைதீவுப் பக்கம் போகேக்க சோளகம், அதுதான் தென்மேல் காத்து, முகத்தில அடிக்கும், திரும்பேக்க முதுகில தள்ளும். இந்த வெக்கை உடம்புக்குப் பழக ஒண்டு ரெண்டு கிழமை எடுக்கும், அதால முதல் நாளுகளில அரைவாசித் தூரம் போதும். ஓடுற சப்பாத்தை மறக்காமல் சூட்கேசில வை. கால் எப்படி எண்டு ஞாயிறு போனில சொல்லு.

அன்புடன்,
அப்பா