ஆண்டறிக்கை 2024–25: ஆட்டுக்கிடையும் தழைச்சத்துக் கணக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் பேச்சில் பாதியை ஆட்டுக்கிடையே, அதாவது எருவுக்காக இரவில் வயலில் ஆடுகளை அடைத்துவைப்பதே, பிடித்துக்கொண்டதால் நானும் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை, ஜூலை 28தான். அதனால் குறுவை நெல் போடாத வயல்களில் கிடைகள் கூடுதலாகத் தங்கின. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளுக்கு (கிடை போடும் ஆட்டுக்காரர்களுக்கு) அது வசதி, நமக்கும் நல்லதுதான். அந்தச் சமயத்தில் நம் இளம் உறுப்பினர் ஒருவர், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிடும் புள்ளிவிவரத்தைக் கூட்டத்துக்கு எடுத்து வந்தார். செம்மறி எருவில் எந்த நாட்டில் எவ்வளவு தழைச்சத்து (நைட்ரஜன்) என்று 1961 முதல் வருடவாரியாக அதில் இருக்கிறது.

பார்க்கச் சுவையாகத்தான் இருந்தது. நியூசிலாந்தில் 1982இல் 7 கோடிச் செம்மறிகள். இப்போது இரண்டரைக் கோடிக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் 1990வாக்கில் 17 கோடி. இன்று அதில் பாதிகூட இல்லை. தழைச்சத்து வரைபடத்திலும் இரண்டு நாட்டுக் கோடும் சரிந்து இறங்குகிறது. நம் நாட்டுக் கால்நடைக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 2012க்கும் 2019க்கும் இடையில் தெலங்கானாவில் செம்மறி 1.28 கோடி 1.91 கோடியானது, 2017இல் அங்கே அரசு ஆடு கொடுக்கத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டிலோ 48 லட்சம் 45 லட்சமாகக் குறைந்தது. உடனே, "நம் மண்ணுக்கு ஆட்டெரு போச்சு, தெலங்கானாக்காரனுக்கு அடிச்சது யோகம்" என்று ஒரு கட்சி கிளம்பிவிட்டது.

எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கோடு தழைச்சத்தை அளந்து போட்டதல்ல. ஆட்டின் தலையை எண்ணி, பிராந்தியத்துக்கு ஒன்றாக வைத்த எண்ணால் பெருக்கியது. ஆடு குறைந்தால் கோடு இறங்கும், அவ்வளவுதான். ஆடு பச்சையைத் தின்றதா, காய்ந்ததைத் தின்றதா என்பது அதற்குத் தெரியாது.

பெருக்கும் எண்ணையே பார்ப்போம். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 கையேட்டின்படி, ஆயிரம் கிலோ செம்மறி எடைக்கு நாளொன்றுக்கு வட அமெரிக்காவில் 0.42 கிலோ தழைச்சத்து, ஆசியாவில் 1.17 கிலோ. அங்கே ஓர் ஆடு 48.5 கிலோ, இங்கே 28 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். பெருக்கினால் அந்தப் பெரிய ஆடு நாளுக்கு 20 கிராம் கொடுக்கிறது, நம் சின்ன ஆடு 33 கிராம் கொடுக்கிறது! அறுத்த வயலில் தாள் மேயும் ஆடு நாளுக்கு 840 கிராம் காய்ந்த தீவனம் தின்கிறது, அதில் நூற்றுக்கு எட்டு புரதம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தழைச்சத்தாக மாற்றும் வழக்கப்படி புரதத்தை 6.25ஆல் வகுத்தால் உள்ளே போகும் தழைச்சத்து 11 கிராமுக்குள் அடங்கிவிடும். வாயில் போகாதது வாலடியில் எப்படி வரும்? ஆகவே பிராந்தியத்தோடு பிராந்தியம் ஒப்பிடுவதற்கு அந்த அட்டவணையை நான் நம்பமாட்டேன்.

நம் கணக்கு இப்படி. ஓர் ஆடு நாளுக்குச் சுமார் 10 கிராம் தழைச்சத்தை வெளியேற்றுகிறது, அதில் பாதி இரவில் விழுகிறது என்று வைத்தால், ஆயிரம் ஆடு ஒரு இரவு கிடந்தால் 5 கிலோ. நாலு இரவுக்கு 20 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டை ஒன்று. மூட்டை 266 ரூபாய் 50 காசு. கீதாரிக்குக் கொடுக்கும் கிடைக்கூலி அதைப்போலப் பல மடங்கு. "அப்புறம் எதுக்கய்யா கிடை?" என்று கேட்டவருக்குப் பதில்: யூரியாவில் தழைச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. புழுக்கையில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இருக்கின்றன, மக்கும் பொருளும் இருக்கிறது. குழியில் கொட்டிய எருவில் மூத்திரம் வீணாகிறது, கிடையில் அது நேரே மண்ணுக்குப் போகிறது. "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்று பெரியவர்கள் சொன்னதும் அனுபவத்தில்தான்.

ஆனால் மண்ணுக்குப் போன மூத்திரம் அங்கேயே நிற்பதில்லை. வெயிலில் அம்மோனியாவாகக் கிளம்பிவிடும். காலையில் கிடைப் பக்கம் போனால் மூக்கைச் சுரீரென்று பிடிக்கிறதே, அது நம் காசுதான். வடிகால் ஓரத்து வயலில் ஒரு பாதியை மறுநாளே மேலாக உழுதார்கள், மறுபாதி டிராக்டர் கிடைக்காமல் அப்படியே காய்ந்தது. சம்பாவில் உழுத பாதி கரும்பச்சையாக நின்றதைப் பலரும் பார்த்தீர்கள். கீதாரிகளும் தங்கள் பங்குக்கு விடியுமுன் ஆடுகளைக் கிளப்பி, படல் (தடுப்பு வேலி) ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டுகிறார்கள். எரு ஒரே இடத்தில் குவியாமல் இருக்க அதுவே வழி. அந்த நேரத்தில் அவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு குறை. அறுவடை முடிந்ததும் உளுந்து நிற்கும் வயலில் ஆடு இறங்கிவிட்டது என்று இரண்டு முறை பஞ்சாயத்து ஆனது. உளுந்து விதைத்தவர்கள் வரப்பில் அடையாளம் வைப்பது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

வரும் கோடைக்குக் கிடை கேட்பவர்கள் தை பிறப்பதற்குள் பெயர் கொடுக்கவும். உழவுக்கு டிராக்டர் பேசி வைத்தவர்களுக்கே முதல் வரிசை. மண் பரிசோதனைக்கு மண் கொண்டுவருபவர்கள் கிடைக்கு முன்னால் ஒன்று, உழுத பின் ஒன்று என்று இரண்டு பொட்டலம் தரவேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்