மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட்டது? கிறிஸ்தவக் காதல் நாவல் பதிப்பாளர்களுக்கும் விருது நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் கிறிஸ்தவக் காதல் நாவல்களைப் பதிப்பிக்கிற ஆசிரியர் குழுக்களுக்கும், அவற்றுக்குப் பரிசு கொடுக்கிற நடுவர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் தோத்திரம்.

2021 ஜூலை முடிவில் ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா அமைப்பு தன் முதல் விவியன் விருதுகளை அறிவித்தது. ஆன்மிகக் காதல் பிரிவில் கேரன் விட்மேயரின் 'அட் லவ்ஸ் கமாண்ட்' தேர்வானது. சில நாட்களுக்குள் அந்த விருது திரும்பப் பெறப்பட்டது. நாவலின் முதல் காட்சிதான் காரணம். 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டக்கோட்டாவின் வூண்டட் நீயில் லக்கோட்டா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் மேல் குண்டு பொழிந்த அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படையில் நாயகன் ஓர் அதிகாரி. அதைத் தொடர்ந்து எழுந்த சண்டையில் ஒரு தரப்பு "இப்படிப்பட்டவனை நாயகனாக்கலாமா?" என்றது. மறு தரப்பு "தேவ கிருபைக்கு நீங்கள் எல்லை போடுவீர்களோ?" என்று திருப்பிக் கேட்டது. இரண்டு தரப்பும் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சண்டை போட்டதாகவே எங்களுக்குப் படுகிறது.

எந்தப் பாவியையும் நாயகனாக்கலாம். அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. பவுலைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம். இந்த நாவல்களுக்காக வாதாடுகிறவர்களும் முதலில் எடுப்பது பவுலைத்தான். ஆனால் அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தை வரிவரியாக வாசித்துப் பாருங்கள். சபையைத் துன்புறுத்திய சவுல் (பிற்பாடு பவுல்) பார்வையிழந்து கிடக்கிறான். அவனைப் பார்க்கப் போகச் சொன்னதும் அனனியா என்ற சீஷன் எதிர்த்துப் பேசுகிறான்: எருசலேமில் உம்முடைய ஜனத்துக்கு இந்த மனுஷன் செய்த கேட்டைக் கேள்விப்பட்டிருக்கிறேனே, ஆண்டவரே! அதே அதிகாரத்தில் பின்னால் எருசலேம் சீஷர்கள் அவனை நம்பாமல் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை அதை எழுதிய லூக்கா வெட்டி எறியவில்லை. 22ஆம் அதிகாரத்தில் பவுலே, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் பெயரைச் சொல்லி, அவன் இரத்தம் சிந்தப்பட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன் என்கிறான். மீட்பின் கதை என்றால் இதுதான் அதன் கட்டுமானம். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெயர் இருக்கிறது, வாய் இருக்கிறது, நம்ப மறுக்கும் உரிமை இருக்கிறது.

தாவீதின் கதையிலும் அப்படியே. 51ஆம் சங்கீதத்தில் அவன் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று அழுகிறான். கிறிஸ்தவ நாவலாசிரியர்கள் வழுக்கி விழும் இடம் இந்த வரிதான். நாயகன் முழங்காலில் நின்று அழுதால் கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் தாவீது உரியாவைக் கொல்லவைத்து அவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட பின், நாத்தான் தீர்க்கதரிசி அரசனின் முகத்துக்கு நேரே உரியாவின் பெயரைச் சொன்ன பிறகு எழுந்த அழுகை அது. மத்தேயு எழுதிய வம்ச வரலாற்றிலும் பத்சேபாளின் பெயர் வரவில்லை. "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றே வருகிறது. கொலையுண்டவனின் பெயர் மேசியாவின் குடும்பப் பதிவேட்டிலேயே நிற்கிறது.

இந்த அளவுகோலை அந்த நாவலுக்கு வைத்துப் பாருங்கள். நாயகன் படையை விட்டு விலகுகிறான். டெக்சஸில் அநியாயத்துக்கு ஆளானவர்களுக்காகத் துப்பாக்கி ஏந்துகிறான். இதை மனந்திரும்புதலாகத்தான் ஆசிரியர் எழுதினார், அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கடன் லக்கோட்டாக்களிடம் இருக்க, வட்டி டெக்சஸில் கட்டப்படுகிறது. வரி வசூலித்த சகேயு யாரிடம் அநியாயமாய் வாங்கினானோ அவர்களுக்கே நாலத்தனையாகத் திருப்பித் தந்தான். ஏழைகளுக்குக் கொடுத்த பாதிச் சொத்து தனிக் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றதை அவன் கழிக்கவில்லை.

வூண்டட் நீயில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லக்கோட்டா தலைவர் பிக் ஃபுட் நிமோனியாவில் படுத்திருந்தார். ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் நான்கு முகாமைக் குறிபார்த்து நின்றன. ஒரே குழியில் புதைக்கப்பட்டவர்கள் மட்டும் 146 பேர்; பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. காயப்பட்டவர்களைப் பைன் ரிட்ஜில் இருந்த எபிஸ்கோப்பல் (ஆங்கிலிக்க மரபு) ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து நாலு நாள். அலங்காரம் இன்னும் இறக்கப்படவில்லை. பெஞ்சுகளைப் பெயர்த்தெடுத்து, தரையில் வைக்கோலும் போர்வையும் பரப்பி அவர்களைக் கிடத்தினார்கள். சிகிச்சை தந்த மருத்துவர்களில் ஒருவர் சார்ல்ஸ் ஈஸ்ட்மன்: லக்கோட்டாக்களின் உறவு இனமான டக்கோட்டாவைச் சேர்ந்தவர், கிறிஸ்தவர், அதே 1890இல் பாஸ்டனில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். அவரோடு நின்று காயப்பட்டவர்களைக் கவனித்த எலைன் குடேல் என்ற வெள்ளைக்காரக் கல்வி அதிகாரியை 1891இல் மணந்தார். வூண்டட் நீயை வைத்துக் கிறிஸ்தவக் காதல் கதை வேண்டுமென்றால், கர்த்தருடைய ஆலயத்துக்குள்ளேயே ஒன்று கிடந்தது. அதைத் தாண்டிப் போய் சுட்டவனைப் பிடித்தது ஏன் என்று கேட்க உங்கள் ஆசிரியர் மேசையில் ஒருவரும் இல்லையா?

கேட் ப்ரெஸ்லினின் 'ஃபார் சச் எ டைம்' இதைவிடச் சிக்கலானது. 2014இல் வெளியாகி 2015இல் அதே அமைப்பின் ரீட்டா விருதுக்கு முன்மொழியப்பட்ட அந்த நாவல், பாரசீக அரசன் அகாஸ்வேருவின் அரசியாகித் தன் யூத ஜனத்தைக் காத்த எஸ்தரின் கதையை நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குள் கொண்டுபோகிறது. நாயகன் ஹிட்லரின் எஸ்.எஸ். படைத் தளபதி, நாயகி யூதப் பெண். அங்கே மட்டும் ஏறத்தாழ 33,000 பேர் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் போன்ற இடங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். மறுத்தால் உயிர் போகும் இடத்தில் சொல்லப்படும் "சரி"க்குக் காதல் என்று பெயர் வைக்க முடியாது. எஸ்தர் புத்தகம் அகாஸ்வேருவின் மனமாற்றத்தைப் பற்றியதும் இல்லை. அவள் அவனிடம் கேட்டது தன் ஜனத்தின் உயிரை.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் நாவல்களில் குற்றம் பெரும்பாலும் முன்னுரைக் காட்சியாக வந்து முடிந்துவிடுகிறது. பிறகு அது நாயகனின் மனப்புண்ணாகிறது. புண்ணை ஆற்றுவது நாயகியின் வேலையாகிறது. செத்தவர்கள் அவன் கெட்ட கனவில் வரும் கும்பலாகச் சுருங்குகிறார்கள். பெரும் பிசகு இங்கேதான். முக்கால்வாசிக் கதையில் காதலர் பிரிகிற இடம் ஒன்றை இந்த வகை நாவல் எப்படியும் வைத்திருக்கும். முழு உண்மையும் அங்கே வெளிப்படட்டும். அதுவும் நாயகன் வாயால் மட்டும் வராமல், பிழைத்த ஒருவர் வாயால் வரட்டும். 350 பக்க நாவலில் அவருக்கு முழு அத்தியாயம் ஒன்றாவது கொடுங்கள். அவர் மன்னிக்க மறுத்தால் அந்த மறுப்பைத் திருத்தாதீர்கள். நாயகி மன்னிக்கலாம், தேவன் மன்னிப்பார். அவர்கள் கையெழுத்து இவருடைய கையெழுத்துக்கு ஈடாகாது. கல்யாணத்துக்கு முன் நாயகன் கையிலிருந்து ஏதாவது போக வேண்டும்: பதவி, நிலம், நற்பெயர். வூண்டட் நீ படையினருக்கு ஏறத்தாழ 20 மெடல் ஆஃப் ஹானர், அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கங்கள், தரப்பட்டன. தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கிறவன், அல்லது தோழர்களுக்கு எதிராக விசாரணையில் சாட்சி சொல்கிறவன் நல்ல கதைக்கு உதவுவான். இன்ப முடிவு கெட்டுப்போகாது. தாமதமாக வரும், அவ்வளவே.

நடுவர்களே, மதிப்பெண் தாளில் "மீட்புப் பாதை உண்டா?" என்ற ஒரே கேள்வி இருந்தால் எல்லா நாவலும் தேறிவிடும். நாயகன் அழாத கிறிஸ்தவ நாவல் ஏது? அவன் யாருக்குத் தீங்கு செய்தான், அவர்கள் எந்தப் பக்கத்தில் பேசுகிறார்கள், அவர்கள் கைக்கு என்ன திரும்பி வந்தது என்று கேளுங்கள். பக்க எண்ணை எழுதச் சொல்லுங்கள். பக்க எண் எழுத முடியாத நாவலை இறுதிப் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

பதிப்பாளர்களே, ஒப்பந்தம் போடுவதற்கு முன், கதைச் சுருக்கமாக இருக்கும்போதே, பாதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த வாசகர்களிடம் அனுப்பி, கூலி கொடுத்துக் கருத்துக் கேளுங்கள். அட்டை அச்சான பிறகு கேட்டால் ஒன்றையும் மாற்ற மாட்டீர்கள். தெற்கு டக்கோட்டாவில் லக்கோட்டா, டக்கோட்டா எபிஸ்கோப்பல் சபைகள் இன்றும் இருக்கின்றன. தங்கள் மொழியிலேயே கீர்த்தனைப் புத்தகம் வைத்துப் பாடுகிறார்கள். அடுத்த கையெழுத்துப் பிரதியை முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள்.