விளக்கை வாங்க முன்னம் மருந்தைப் பற்றிக் கேளுங்கள்

வெளிநாடுகளில் இருக்கும் வன்னி ஊர்ச் சங்கத்தாருக்கு வணக்கம்.

வாய்ப் புற்றுநோயை ஒளியால் மாற்றும் லேசர் கருவி ஒன்றைக் காசு சேர்த்து வாங்கி அனுப்பலாமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நல்ல மனம்தான். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெத்திலை, பாக்கு, புகையிலை இல்லாமல் வயலுக்கு இறங்காதவர்கள் இங்கே ஏராளம். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்கள் எல்லாமே விளக்கின் படங்கள். எந்த மருந்து, அது கட்டிக்குள் எங்கே போய்ச் சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கருவியிலிருந்து வரும் சிவப்பு ஒளி தானாக எதையும் சுடாது. முதலில் ஒளியுணர் மருந்து கொடுக்க வேண்டும். ஒளி பட்டதும் அந்த மருந்து பக்கத்தில் இருக்கும் ஒட்சிசனை வீரியமான ஒட்சிசனாக மாற்றும். அதுதான் கலத்தைக் கொல்வது. அந்த ஒட்சிசன் உயிரோடு இருக்கும் நேரத்தில் 0.1 மைக்ரோமீற்றர்கூட நகராது, ஒரு கலத்தின் அகலத்தில் நூறில் ஒரு பங்கும் வராது. ஆகவே மருந்து போகாத கலத்தின்மேல் எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் அது பிழைத்துவிடும்.

மருந்தோ கட்டி முழுக்க ஒரே அளவில் பரவுவதில்லை. இரணைமடு வாய்க்காலில் மேல் வயல்காரனுக்குத் தண்ணீர் முட்ட, கடைசி வயல் வெடித்துக் கிடப்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டியின் இரத்தக்குழாய்கள் கோணலும் ஒழுக்குமாக இருக்கும். நிணநீர் வடிகால் சரியாக இல்லாததால் உள்ளே அமுக்கம் ஏறி, வருகிற மருந்தை வெளியே தள்ளும். குழாயை ஒட்டிய கலங்களுக்கு மருந்தும் கிடைக்கும், ஒட்சிசனும் கிடைக்கும். 100, 150 மைக்ரோமீற்றர் தள்ளிப் போனால் இரண்டுமே குறையும். அங்கே தப்பிய கலங்கள்தான் பிறகு திரும்ப வளர்வது. ஒளியை மிஞ்சிக் கூட்டினாலும் பயனில்லை. இரத்தம் கொண்டுவருவதைவிட வேகமாக ஒட்சிசன் தீர்ந்துபோகும்.

நேரமும் முக்கியம். ஊசி ஏற்றிய சில நிமிடங்களில் மருந்து குழாய்களுக்குள் நிற்கும். அப்போது ஒளி கொடுத்தால் அடைபடுவது குழாய். கலங்களுக்குள் போய்ச் சேரக் காத்திருக்க வேண்டும்: ஃபோட்டோஃப்ரின் என்ற ஒளியுணர் மருந்துக்கு 40 முதல் 50 மணி நேரம், டெமோபோர்ஃபின் என்ற இன்னொன்றுக்கு நான்கு நாள்.

இனி எங்கள் வெயிலுக்கு வருகிறேன். ஃபோட்டோஃப்ரின் கட்டியோடு நிற்காது, தோலிலும் தங்கும். குறைந்தது 30 நாள் வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும். அரிவி வெட்டு நேரத்தில் ஒரு கமக்காரனிடம், முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கனடாவில் 1993இல் அனுமதி கிடைத்த மருந்து அது, அந்த நாட்டு வெயிலுக்குச் சரிவரும்.

எங்களுக்குப் பொருந்துவது அமினோலெவுலினிக் அமிலம் என்ற மருந்து என்பது என் எண்ணம். கலம் அதை எடுத்துத் தனக்குள்ளேயே ஒளியுணர் பொருளாக மாற்றும். ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். நீல ஒளி காட்டினால் அந்தப் பொருள் சிவப்பாக ஒளிரும், ஆகவே மருந்து எங்கே சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்று வைத்தியர் முன்கூட்டியே கண்ணால் பார்க்கலாம். இந்தியாவில் அலிகாரில் இதைக் குடிக்கக் கொடுத்து, பற்றரியில் ஓடும் எல்.ஈ.டி விளக்கால் தொடக்கநிலை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் சிவப்பு ஒளி இறங்குவது சில மில்லிமீற்றர்தான். தடித்த கட்டிக்கு இது உதவாது. தடித்த கட்டி உள்ளவர்கள் தெல்லிப்பழை அல்லது மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்ச் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே கருவி விற்பவரிடம் விலையை விசாரிக்க முன்னம், எந்த மருந்து, இலங்கையில் அதற்கு அனுமதி உண்டா, கட்டிக்குள் அது சேர்ந்ததை அளக்கும் வசதி கருவியோடு வருமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதிலைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியர்களிடமும் காட்டுங்கள். அவர்கள் சரி என்று சொல்லும்வரை சேர்த்த காசில் பல் வைத்தியர்களைக் கிராமம் கிராமமாக ஆட்களின் வாயைச் சோதிக்க அனுப்பலாம். நோய் தொடக்கத்தில், வாயில் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே பிடிபட்டவருக்குத்தான் அந்த விளக்கும் ஒருநாள் உதவும்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்