தேதியைத் தள்ளிவை, கோமதி

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் வேலை மாறிவிட்டான். மற்ற கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். உன் பெண் யாழினியின் கண் ஸ்கேன் படங்களை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். கருவிழியை லேசரால் செதுக்கிக் கண்ணாடியைக் கழற்றவைக்கும் லேசிக் சிகிச்சைக்குத் தேதி குறித்தாயிற்று என்று எழுதியிருக்கிறாயே, அந்தத் தேதியை முதலில் தள்ளிவை. பதறாதே, காரணத்தைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு சந்தேகம்கூடக் கேட்காத நீ இப்போது ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி எழுதி அனுப்பியிருக்கிறாய். சரோ பார்த்தால் நம்பவே மாட்டாள். ஆனால் உன் கேள்விகளெல்லாம் லேசர் வைக்கும் அந்தச் சில நிமிஷத்தைப் பற்றியே இருக்கின்றன. இங்கே எங்கள் கண் ஆஸ்பத்திரியின் கவுன்சிலிங் அறையில் என் எதிரே உட்காருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

வலிக்காது. சொட்டு மருந்திலேயே கண் மரத்துவிடும். கண் அசையாமல் இருக்க ஒரு வளையத்தை வைத்து உறிஞ்சும்போது ஓர் அழுத்தம் தெரியும், கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அவ்வளவுதான். இமையை ஒரு கிளிப் பிடித்துக்கொள்ளும், அதனால் சிமிட்ட முடியாது. கண் லேசாக அசைந்தால் லேசர் கூடவே நகரும், அதிகமாக அசைந்தால் தானே நின்றுவிடும். அன்று சில மணி நேரம் எரிச்சலும் நீர் வடிதலும் இருக்கும், தூங்கி எழுந்தால் அடங்கிவிடும். பிஆர்கே என்ற இன்னொரு லேசர் முறை என்றால் கதை வேறு. அதில் கருவிழியின் மேல்தோலையே எடுப்பதால் அது வளர்ந்து மூடும்வரை சில நாள் நல்ல வலி இருக்கும்.

கண் வறட்சியைப் பற்றி நீ கேட்கவே இல்லை. கருவிழியில் ஓடும் நரம்பிழைகள் அறுபடுவதால் பல மாதத்துக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் சரியாகிவிடும், சிலருக்கு நீடிக்கும். ராத்திரியில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் அப்படித்தான். கண்ணாடி திரும்ப வருமா என்றால், லேசர் சரிசெய்வது இன்றைய பவரை மட்டும். கண் இன்னும் மாறிக்கொண்டிருந்தால் பவரும் வரும். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து எப்படியும் வரும், அது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் செதுக்கித் தடுக்க முடியாது.

இனிமேல்தான் விஷயம். இந்த லேசரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன் என்ற வேதியியலாளர், 1981ல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். வெட்டு சுத்தமாக விழுந்தது, சுற்றியிருந்த சதை கருகவே இல்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அது. சுடாமல், மூலக்கூறுகளின் பிணைப்பையே உடைத்துவிடும். ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் ஆழம், ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதன் கண்டுபிடித்த நுட்பமான கத்திகளில் இதற்கு ஈடு குறைவு என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் கோமதி, அது எடுத்ததை யாராலும் திரும்ப வைக்க முடியாது. யாருடைய கருவிழியில் கைவைக்கக் கூடாது என்பதை லேசர் சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும்.

யாழினியின் வலது கண்ணை எடுத்துக்கொள். நடுவில் தடிமன் 498 மைக்ரான். சராசரி 540 பக்கம் இருக்கும். லேசிக்கில் முதலில் கருவிழியின் மேல்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் தூக்குவார்கள், அதற்கு 110. மைனஸ் ஏழு பவருக்கு, ஒரு பவருக்குச் சுமார் 14 என்று வைத்தால் 98. மீதி 290 நிற்கிறது. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பதுதான் கணக்கு, ஆகவே பாஸ் என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனால் மொத்தத் தடிமனில் 40 சதவீதத்துக்கு மேல் கைவைக்கிறோம். அந்த எல்லையைத் தாண்டினாலே டாக்டர்கள் யோசிப்பார்கள்.

வண்ணப் படத்தையும் பார். இடது கண்ணில் மேலும் கீழும் ஒரே அளவாகச் சிவப்பு இருக்கிறது. வலது கண்ணில் கீழ்ப்பாதியில் மட்டும் சிவப்பு கூடிக் கிடக்கிறது. கீழே புடைப்பு அதிகம் என்று அர்த்தம். கெரட்டோகோனஸ் என்று ஒன்று உண்டு, கருவிழி மெலிந்து கூம்பாக வெளியே தள்ளும். அது ஆரம்பத்தில் இப்படித்தான் தெரியும். அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் பலவீனமான சுவரை இன்னும் சுரண்டியதாகிவிடும், பார்வை வருஷத்துக்கு வருஷம் கெட்டுக்கொண்டே போகலாம். ஸ்மைல் என்ற வேறொரு லேசர் முறையில் மடல் கிடையாது, வறட்சியும் குறைவு என்பது நிஜம்தான். ஆனாலும் அதிலும் சதையை எடுக்கத்தான் செய்கிறார்கள், இப்படிப்பட்ட கண்ணுக்கு அதுவும் ஆகாது.

ஒருவேளை இது பொய்ச் சேதியாகவும் இருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம்வரை காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே மாற்றிவைக்கும். சாஃப்ட் லென்ஸைக் கழற்றி ஒன்றிரண்டு வாரம் விட்டுத்தான் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதை உங்களிடம் அங்கே யாரும் கேட்காததுதான் எனக்குக் கோபம். போன வருஷம் ஆறேகால், இப்போது ஏழு. பத்தொன்பது வயதில் பவர் இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது எதற்கு அவசரம்? நான் டாக்டர் இல்லை என்பதால் எங்கள் டாக்டரிடமும் படத்தைக் காட்டினேன். நிறுத்திவைக்கச் சொல்லுங்கள் என்றார்.

போன வாரம் ஒரு பையனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். வேறு எங்காவது போய்ச் செய்துகொள்வேன் என்று சண்டை போட்டுவிட்டுப் போனான். அவன் முகம் மனசை விட்டு அகலவில்லை. யாழினியும் உன்னிடம் அப்படித்தான் குதிப்பாள். அவளிடம் நான் பேசுகிறேன், நீ சமாதானம் சொல்லப் போய் நீயே அழுதுவிடுவாய்.

இப்போது செய்ய வேண்டியது இது. லென்ஸை இன்றே கழற்றட்டும், கண்ணாடி போடட்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம். சின்ன வயதிலிருந்தே அலர்ஜியில் கசக்கிக் கசக்கிச் சிவக்கவைப்பாளே, அந்த அரிப்புக்குச் சொட்டு மருந்து வாங்கு. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன், ஆறு மாதம் கழித்து இன்னொன்று. படம் சரியாகி, பவரும் ஒரு வருஷம் நின்றால் பிறகு பேசலாம். கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐசிஎல் என்ற வழியும் இருக்கிறது, அதற்கும் பவர் நிற்க வேண்டும், வயதும் கொஞ்சம் ஏற வேண்டும். கெரட்டோகோனஸ்தான் என்று ஆனாலும் இடிந்துபோகாதே. ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கு அது நன்றாகவே கேட்கிறது.

அவளுடைய பழைய கண்ணாடிச் சீட்டு எத்தனை கிடைக்கிறதோ அத்தனையும் தேடிப் படம் எடுத்து அனுப்பு. பவர் எந்த வயதிலிருந்து எப்படி ஏறியது என்று டாக்டர் கேட்கிறார். உன் அண்ணன் கண்ணில் ஏதோ கோளாறு என்று ஒரு காலத்தில் சொன்னாயே, அது என்ன என்றும் விசாரி. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பது முதல் கேள்வி. தேதியை ரத்து செய்துவிட்டு எனக்கு ஒரு வரி போடு.

உன்
வசந்தா