திண்டுக்கல் கிணறு வங்கக் கடலுக்குப் போகாமலிருக்க

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நிலவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் நிலத்தடி நீர் ஆய்வில் வேலை பார்க்கிறேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு வரும் பிள்ளைகளுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்பு. கல்லைக் கையில் கொடுத்தால் சார்னோகைட்டா நைஸா என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். பாறையின் திசையும் சாய்வும் அளக்கும் பிரண்டன் காம்பஸைப் பிடிக்கத் தெரிகிறது. உங்கள் உழைப்பு அதில் தெரிகிறது. அப்புறம் பீல்டு நோட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றச் சொன்னால்தான் தடுமாற்றம்.

நோட்டில் கிணற்றின் அட்சரேகை 11 டிகிரி 30 நிமிடம் என்று இருக்கும். எக்செல்லில் 11.30 என்று அடித்துவிடுகிறார்கள். 30 நிமிடம் அரை டிகிரி, ஆகவே 11.50 என்று வரவேண்டும். இந்தப் பிசகில் கிணறு சுமார் 22 கிலோமீட்டர் தெற்கே போய்விடுகிறது.

நம் மாநிலத்துக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. யூ.டி.எம். என்பது உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. அதில் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43ஆம் மண்டலம், கிழக்கே 44. திண்டுக்கல் நகரம் 43இல், மதுரை 44இல். இரண்டு ஊர் மாதிரிகளையும் ஒரே கோப்பில் போட்டு மொத்தத்துக்கும் 44 என்று கொடுத்தால், திண்டுக்கல் கிணறு 6 டிகிரி கிழக்கே நகர்ந்து, இலங்கையையும் தாண்டி வங்கக் கடலில் நிற்கும். கடலில் நின்றால்கூடப் பரவாயில்லை, யாராவது பார்த்துச் சிரிப்பார்கள். 22 கிலோமீட்டர் நகர்ந்த கிணறு யார் கண்ணிலும் படாமல் ஆய்வேட்டில் அச்சாகி, பைண்டிங்கும் ஆகிவிடும்.

ஆய்வகம் 'பி.டி.எல்.', அதாவது அளவிடும் வரம்புக்குக் கீழே, என்று அனுப்பியதைப் பூஜ்யமாக்கிச் சராசரி எடுக்கும் கதை தனி.

கணினிப் பயன்பாடு என்று ஒரு தாள் இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. ஜி.ஐ.எஸ்., அதாவது வரைபடத் தரவைக் கணினியில் கையாளும் முறை, என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள்தான் இந்தக் கோப்புகளை எனக்கு அனுப்புகிறார்கள். பயிலரங்கும் முழுத் தீர்வில்லை. விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தரும் சாப்ட்வேர் கார்பென்ட்ரி 1998இல் தொடங்கியது. அதன் பயிலரங்குகள் பெரும்பாலும் இரண்டு நாள். தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் யாரோ கொடுத்த தரவில் பழகியது அடுத்த செமஸ்டருக்குள் மறந்துபோகும்.

ஆகவே புதுத் தாள் எதுவும் கேட்கவில்லை. களப்பயிற்சி முடிந்து திரும்பிய வாரமே, அவரவர் நோட்டை வைத்தே க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளையும் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழியையும் சொல்லிக்கொடுங்கள். கிராக் செய்த மென்பொருளைத் தேடி அலையவேண்டாம், இரண்டும் இலவசம். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வரைபடங்கள் பூகோஷ் தளத்தில் கிடைக்கின்றன. சொல்லித்தர ஆளில்லை என்றால் உங்கள் துறையின் ஆராய்ச்சி மாணவர்களைக் கேளுங்கள்; ராத்திரியெல்லாம் தாங்களாகவே கற்றவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களுக்கு அதற்கான ஊதியமும் கொடுங்கள்.

இன்னொன்று. ஆய்வேட்டோடு மூலத் தரவுக் கோப்பையும் கணக்கிட்ட நிரலையும் சேர்த்துத் தரவேண்டும் என்று விதி போடுங்கள். வாய்மொழித் தேர்வில் ஏதாவது ஒரு வரைபடத்தை மாணவர் அங்கேயே மறுபடி உருவாக்கிக் காட்டட்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

பயிற்சிக்குத் தரவு வேண்டுமென்றால் என்னிடம் நிறைய இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு, பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நிலத்தடி நீர் ஆய்வாளர்