இரண்டரை வருடத் தொழிலை ஒரு சனி ஞாயிறுக்கு விற்ற கம்பனிக்கு

ஹட்டன்
2024 நவம்பர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: உங்கள் ஒன்லைன் விளையாட்டில் தொழில் விரைவுப் பொதி விற்றதும் என் கணக்கை முடக்கியதும் – ஐந்தாவது தடவையாக எழுதும் புகார்

வணக்கம்.

இதற்கு முன் நான்கு தடவை ஆங்கிலத்தில் எழுதினேன். நான்கு பதிலும் ஒரே மாதிரித்தான் தொடங்கின: "அன்புள்ள ஐயா, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்." நான் ஐயா இல்லை. கணக்கிலும் நான் அனுப்பிய அடையாள அட்டையிலும் பெண் என்றுதான் இருக்கிறது. உங்கள் விளையாட்டின் மொழிப் பட்டியலில் தமிழும் இருப்பதால், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது அங்கே இருப்பார் என்று நம்பி இந்த முறை தமிழிலேயே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

ஓகஸ்ட் 19ஆம் திகதி என் கணக்கை முடக்கினீர்கள். "தானியங்கி முறையில் சேகரித்தல்" என்று காரணம் போட்டிருந்தீர்கள். அதாவது விளையாடியது நான் இல்லை, ஏதோ ஒரு பொட் புரோகிராம். விளையாட்டில் நான் பிடுங்கிச் சேர்த்து, பெட்டகத்தில் வைத்திருந்த வெள்ளிவேர் மூலிகை 1,140 கட்டுகளையும் எடுத்துக்கொண்டீர்கள். அதே கிழமைதான் உங்கள் கடையில் தொழில் விரைவுப் பொதி வந்தது. 4,900 ரூபாய் கட்டினால் விளையாட்டில் எந்தத் தொழிலையும் இரண்டு நாளில் 400ஆம் படிக்கு ஏற்றலாம் என்கிற அதே பொதி. கையால் பிடுங்கியவளை வெளியே தள்ளிவிட்டு, காசு கொடுத்தவனை உள்ளே விட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித்தான் தெரிகிறது. வேறு மாதிரி என்றால் நீங்கள் விளக்கிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சேகரிப்பதால் சந்தேகம் வந்தது என்று மூன்றாவது முறைப்பாட்டுக்கு வந்த பதிலின் கீழே ஒரு வரி இருந்தது. அதற்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன். எங்கள் டேட்டா பேக்கேஜில் பாதிக்கு மேல் ராத்திரி டேட்டா. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 8 மணி வரைதான் அது ஓடும். பகலில் கேமைத் திறந்தால் மாதத்து டேட்டா மூன்று நாளில் காலி. அதனால் நாலரைக்கு எழும்புகிறேன். சர்வரிலும் அப்போதுதான் விடிகிறது, வெள்ளிவேரும் அப்போதுதான் விரிகிறது. எங்கள் காம்பராவில், அதாவது தோட்டத்து வீட்டில், இஸ்தோப்பு என்கிற முன் திண்ணையில்தான் சிக்னல் இருக்கிறது. உள்ளே அம்மா ரொட்டி சுடுவார், ஏழு மணிக்கு முன் அவர் தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். நான் வெளியே கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பழைய லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, பனியில் விரல் விறைக்க விறைக்க உட்கார்ந்திருப்பேன். ஆறே முக்காலுக்கு அதை மூடிவிட்டு டவுனில் கொமியூனிகேஷன் கடைக்கு வேலைக்குப் போவேன். மனுஷி ஒருத்தி ஒழுங்காக எழும்பினால் அது உங்களுக்குக் குற்றமா?

வெள்ளிவேர் பிடுங்குவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீங்கள் செய்த விளையாட்டுத்தானே. பனி விழுந்த இலை முதல் தடவை அசையும்போது கை வைத்தால் வேர் அறுந்துவிடும். இரண்டாம் தடவை அசைந்து, நுனி கொஞ்சம் கீழே தொங்கும். அந்த நேரத்தில் விட்டுப் பிடித்து இழுக்க வேண்டும். மழை நாளில் அசைவு பிந்தும். வடக்குச் சரிவில் ஒரு மாதிரி, ஓடைக் கரையில் இன்னொரு மாதிரி. இதை ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நூற்றுக்கணக்கில் அறுத்து அறுத்துத்தான் பழகினேன். 2021 கடைசியில் தொடங்கி இந்த வருடம் மே மாதம்தான் 400ஐத் தொட்டேன். நடுவில் 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் வந்தன. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போய்விடும். அப்போதும் வந்த நேரத்தில் ஓடி வந்து, சந்தா கட்டி, விளையாடினேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

இனி அந்தப் பொதிக்காரர்கள். விளையாட்டில் நாங்கள் சேர்ந்து ஆடுகிற குழுவான எங்கள் கில்டில் ஒருவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை மூலிகையின் பக்கமே போகாதவன். பொதியை வாங்கினான். ஞாயிறு ராத்திரி பெயருக்குப் பக்கத்தில் "மூலிகை ஆசான்" என்று பச்சை எழுத்தில் வந்துவிட்டது. அதே பச்சைதான், அதே இலைச் சின்னம்தான். என் பெயருக்கும் அவன் பெயருக்கும் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. திங்கட்கிழமை கில்டில் வந்து, "வெள்ளிவேர் எந்தப் பக்கம் முளைக்கும்?" என்று கேட்கிறான். ஆசான் கேட்கிற கேள்வியா இது? அன்றைக்கு ராத்திரி கஷாயம் காய்ச்சுகிற பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள், நான்தான் முடங்கிக் கிடக்கிறேனே. ஒரு ராத்திரி நிழலில் உலர்த்த வேண்டிய வேரைப் பச்சையாகவே சட்டியில் போட்டிருக்கிறான். அதைக் குடித்துக் கேமில் பன்னிரண்டு பேர் குகையில் செத்தார்கள். எங்கள் கில்ட் தலைவி என்னிடம் போனில் சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் அப்பா தேயிலை ஃபெக்டரியின் மேல் மாடியில் கொழுந்து வாட்டுகிறவர். பறித்த கொழுந்தை ராத்திரி முழுக்கக் காற்றுக் கொடுத்து வாட்டித்தான் கீழே அரைக்க அனுப்புவார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு அனுப்பினால் அந்தத் தேயிலை உதவாது. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு இலை, ஒரு மொட்டு. நிறை காட்டுவதற்காக முத்தல் இலையையும் சேர்த்துக் கிள்ளிப் போடுகிறவர்களை அவருக்குக் கண்ணிலே காட்டக் கூடாது. நிறுக்கிற இடத்தில் அந்த முத்தல் இலைக்குக் கிலோ வெட்டுவார்கள், நன்றாகப் பறித்தவளுக்கு வெட்ட மாட்டார்கள். உங்களிடம் அந்த நியாயம்கூட இல்லை. முத்தல் இலைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, போட்டுவிட்டு எனக்கு அரைப்பேர்கூடப் போடாமல் விரட்டியிருக்கிறீர்கள்.

மற்ற விளையாட்டுகளிலும் அவசரக்காரர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வேர்ல்ட் ஒஃப் வொர்கிராஃப்ட் 2004இல் வந்தபோது தொழிலின் உச்சம் 300. 75, 150, 225 என்று ஒவ்வொரு படியிலும் பயிற்றுநரைத் தேடிப் போக வேண்டும். அங்கேயும் எது மலிவு என்று பார்த்து ஒரே பொருளை நூறு தடவை செய்து, வந்த விலைக்குக் கடையில் தள்ளிவிட்டு ஏறினவர்கள் உண்டு. ஆனாலும் பொருளையாவது தேட வேண்டியிருந்தது. ரூன்ஸ்கேப்பில் ஒரு திறனை 99க்குக் கொண்டுபோக 13,034,431 புள்ளி வேண்டும். 92இல் நிற்கிறவன் பாதி வழியில்தான் நிற்கிறான். அதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே 99 காரருக்கு மரியாதை கொடுக்கிறார்கள். வொர்கிராஃப்ட் 2022இல் டிராகன்ஃப்ளைட் என்ற விரிவாக்கத்தோடு தொழிலுக்குள்ளேயே தனித்தனிச் சிறப்புப் பிரிவுகளையும், தொழில் தெரிந்தவரிடம் மற்றவர்கள் ஓர்டர் கொடுத்துச் செய்விக்கிற முறையையும் கொண்டுவந்தது. இவ்வளவு பெரிய ஆட்கள் தொழிலைக் கனமாக்கப் பார்க்கும்போது நீங்கள் மட்டும் அதைப் பொட்டலம் கட்டி விற்கிறீர்கள்.

சரி, கொழும்புப் பயணத்துக்கு வருகிறேன். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

கணக்கைத் திறக்க வேண்டுமானால் இலங்கையில் உள்ள உங்கள் முகவரிடம் நேரில் போய் அடையாளத்தை உறுதிப்படுத்தச் சொன்னீர்கள். இரண்டாவது பதிலில் இருக்கிறது, மறுக்க முடியாது. செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, தம்பியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, விடியற்காலை பஸ் ஏறினேன். கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் தம்பி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து பம்பலப்பிட்டிக்குப் போய், மூன்றாம் மாடி ஏறினோம். பதினொரு மணிக்கு நம்பர் தந்தார்கள். இரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

உங்கள் முகவர் என் அடையாள அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பி முகவரியை வாசித்தார். தோட்டத்தின் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொன்னார். பிறகு, "எஸ்டேட்ல இருந்துகொண்டு நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் பூப் பறிக்கிறீங்களா? அத பொட்தான் செய்யும் தங்கச்சி. போய் வேலையப் பாருங்க" என்றார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் ரசீதுகளை எல்லாம் வரிசைப்படுத்தி ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அந்த ஃபைலை அவர் திறக்கவே இல்லை. கையை மேலே வைத்துத் தள்ளிவிட்டார். கணக்கு விஷயம் கம்பனிதான் பார்க்கும், எங்களுக்குக் கேம் கார்ட் விற்கிற வேலை மட்டும்தான் என்றார். அப்படியென்றால் என்னை ஏன் அங்கே அனுப்பினீர்கள்? வீட்டுக்கு வந்து சேர ராத்திரி பத்தரை. எங்கே போய் வந்தாய் என்று அப்பாயி கேட்டார். ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டேன்.

தோட்டத்து முகவரியைப் பார்த்துவிட்டு ஒருவர் அப்படிப் பேசியதற்கு நீங்கள் என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்? நான்காவது கடிதத்திலும் இதைத்தான் கேட்டேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று வந்தது.

நான் சண்டைக்கு நிற்கவில்லை. உங்கள் விளையாட்டை விரும்பித்தான் இவ்வளவு காலம் இருந்தேன். அந்த வடக்குச் சரிவில் விடிகிறதை வரைந்தவர் யாரோ, அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், அது நிஜமாகவே அழகு. ஆனால் என் நஷ்டத்தையும் கேளுங்கள். சந்தா மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். பஸ் காசு, லீவு போட்ட நாள் சம்பளம், தம்பியின் செலவு. கேமுக்குள் வெள்ளிவேர் கட்டு 90 பொன்னுக்குப் போனது, பொதிக்காரர்கள் வந்து கொட்டியதில் இப்போது 6 பொன். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று நான் சொல்வேன். கிட்டத்தட்ட மூன்று வருட விடியற்காலைக்கு விலை போட முடியாது, என் வாழ்க்கையிலிருந்து நீங்கள் பிடுங்கியது அது.

கணக்கைத் திறந்து 1,140 கட்டுகளையும் திருப்பித் தர வேண்டும். தானியங்கி என்ற குறிப்பை என் பெயரிலிருந்து அழித்துவிட்டு, தவறு என்று எழுத்தில் தர வேண்டும். முகவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் கேட்டாலும் போதும், இன்னொரு தடவை கொழும்புக்கு வர மாட்டேன். பொதி வாங்கினவர்களின் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விஷயம். ஆனால் பொதியால் ஏறினவரின் பெயருக்கு வேறு நிறம் போடுங்கள். அந்தப் பச்சை எங்களுடையது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. கஷ்டப்படாமல் ஆசான் ஆனவர்கள் எங்களுக்கு வழி சொல்ல வருகிறார்கள். இருந்தாலும் கதவைத் திறந்து வைத்தது நீங்கள்தான்.

இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் மனிதர் ஒருவர் எழுதிய பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுப்பேன். அவர்களின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்தால் போதும் என்று கடையில் சொன்னார்கள். நான் அழைக்கவும் செய்வேன், எழுதவும் செய்வேன். கார்ட்டில் கட்டிய கடைசி மூன்று மாதச் சந்தாவை பேங்க் மூலம் திருப்பிக் கேட்பேன். எங்கள் கில்டில் 46 பேர் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேராவது என்னோடு வெளியேறத் தயார். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா ரசீதுகள், உங்கள் நான்கு பதில்கள், 400ஐத் தொட்ட நாள் எடுத்த படம், ஹட்டன்–கொழும்பு பஸ் டிக்கெட் நான்கு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சர்வரின் மூலிகைக்காரி ஒருத்தி
ஹட்டன்